இரண்டு இருக்கை, ஒரு பயணி

செத்தவனிடம் யாரும் பொய் சொல்வதில்லை.

தென்னாப்பிரிக்காவின் வெல்கம் நகரத்து டாக்சி நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே நின்றபடி மொசெலே இந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். போலீசிடம் சொல்வார்கள். கட்டியவளிடம் சொல்வார்கள். பாதிரியார் கண்ணைப் பார்த்தும் சொல்வார்கள். என்னைப் போல் துப்பறிந்து பிழைக்கிறவளிடம் சொல்வதற்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் இலந்தைக் கிளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருவன் செத்த இடத்திலிருந்து அவன் ஆவியை வீட்டுக்கு அழைத்து வருகிறவரால் பொய் சொல்ல முடியாது. ஆற்றைத் தாண்டினால் தாண்டுகிறோம் என்று கிளையிடம் சொல்லியாக வேண்டும். திரும்பினால் திரும்புகிறோம் என்று. ஒன்றை விட்டாலும் அவன் அங்கேயே நின்றுவிடுவான். உயிரோடு இருக்கிறவர்களிடம் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. வண்டியில் அவனுக்கும் ஒரு இருக்கை பிடிக்க வேண்டும்.

அவளே ஒருமுறை செய்தவள்தான். பக்கத்து ஊரான வர்ஜீனியாவின் சுரங்கத்தில் செத்த அப்பாவைக் கூட்டி வந்தாள். வீடு வந்து சேர்ந்ததும் முதல் ஆளாக அம்மா, "உன் குரல் எங்கடி போச்சு?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"அக்கா, அந்தக் கம்பத்தையே எவ்வளவு நேரம் முறைப்பீங்க? அதுவே குற்றத்தை ஒத்துக்கும்போல இருக்கு."

பிட்சோ ஒரு கையில் பொரித்த மாவுருண்டையும் மறு கையில் அதைச் சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதமுமாக வந்து நின்றான். அவளுக்கு வண்டி ஓட்டுவது, கதவு தட்டுவது, தேவையில்லாததைப் பேசுவது எல்லாம் அவன் வேலை. கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீசில் டாங்கிசோவின் முகம். காணவில்லை. கீழே அவன் மனைவி டிசேபோவின் கைபேசி எண்.

டாங்கிசோவுக்கு வீடு ஊரை ஒட்டிய தாபோங்கில்; முன்பு சுரங்கத்தில் இருந்தவன். அது மூடியதும் அண்ணன் பசேகா மேஸ்திரியாக இருக்கும் மக்காச்சோளப் பண்ணையில் டிராக்டர் ஓட்டப் போனான். குளிர் தொடங்கிய நாட்களில் ஆள் காணாமல் போனான். கள்ளத்தனமாகத் தங்கம் தோண்டுகிறவர்களோடு வடக்கே ஆலன்ரிட்ஜ் பக்கம் கைவிட்ட குழி ஒன்றில் இறங்கினான், மேலே வரவில்லை என்று பசேகா சொன்னான். போலீஸ் நம்பியது. அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்க்க யாருக்கும் தைரியமில்லாதபோது நம்புவது சுலபம். டிசேபோ மட்டும் நம்பவில்லை. "இனிமே செத்தாலும் மண்ணுக்கு அடியில போகமாட்டேன்னு சொன்னவர் அவரு" என்றாள், மொசெலேயின் அலுவலகத்தில் உட்கார்ந்து. துக்கக் கறுப்பு உடுத்தவும் முடியாமல் வண்ணம் உடுத்தவும் முடியாமல் சாம்பல் நிறத்தில் ஒரு உடுப்பு அணிந்திருந்தாள். "எங்க கிடக்கிறாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் எடுத்துக்கறேன்."

வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு குழிக்குப் போய், கிளையோடு ஆவியை அழைத்து வந்து, காரியத்தை முடித்துவிடப் போகிறார்கள். அதன்பிறகு தேடுவதற்கு யாருமில்லை. கேட்பதற்கும் யாருமில்லை.

ஆனால் அவனை ஏற்கெனவே யாரோ அழைத்துப் போய்விட்டார்கள்.

அதைப் பார்த்தவள் அந்தக் கம்பத்தடியில் ஆரஞ்சும் சில்லறைச் சிகரெட்டும் விற்கும் மாதெபெல்லோ. மொசெலே ஒரு பெட்டியைக் கவிழ்த்து அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆளை நல்லா பார்த்தீங்களாம்மா?"

"எங்க பார்க்கிறது மகளே? போர்வை மூக்கு வரைக்கும், கம்பளித் தொப்பி புருவம் வரைக்கும். நடுவுல ரெண்டு கண்ணு. கண்ணை வெச்சு ஆளைச் சொல்ல நான் என்ன கண் டாக்டரா?"

"ஆம்பளையா?"

"ஆம்பளைப் போர்வை, ஆம்பளைத் தொப்பி. குரலும் கரகரன்னு. நெஞ்சுக்கு நேரா ஊசி குத்தி, உள்ள கிளையை வெச்சிருந்தாரு, கைப்பிள்ளையப் பொத்தி வெச்சிருக்கிற மாதிரி. தாபோங் வண்டி நிரம்பட்டும்னு இதோ, இந்த இடத்துலதான் நின்னாரு."

"ரெண்டு சீட்டா?"

"ரெண்டு. குண்டுப் பொம்பளை ஒருத்தி காலியா இருக்கேன்னு உக்காரப் போனா. டிரைவர், 'அங்க ஆள் இருக்கு'ன்னான். அவ சண்டைக்கு வாயைத் திறந்தா. போர்வைக்குள்ள முள்ளைப் பார்த்தா. திறந்த வாயோட இறங்கிப் போயிட்டா."

பிட்சோ பெருமூச்சு விட்டான். "செத்தவன் சீட்டுல உக்காந்து போறான். நான் உயிரோட இருந்தும் கதவுல தொங்கிட்டுப் போறேன்."

"உனக்கும் ஒரு நாள் சீட்டு கிடைக்கும்டா, அவசரப்படாத" என்றாள் மாதெபெல்லோ.

மொசெலே சிரிக்கவில்லை. "கிளைகிட்ட என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

மாதெபெல்லோ ஆரஞ்சு அடுக்குவதை நிறுத்தினாள். தன்னையறியாமல் குரலையும் தாழ்த்திக்கொண்டாள்.

"'டாங்கிசோ, தொட்டியை விட்டு வந்துட்டோம். நீ செருப்பைத் தொலைச்ச மரம் தாண்டியாச்சு. மணியில்லாத கோயில் தாண்டியாச்சு. ஆறு தாண்டியாச்சு. ரெட்டைக் குதிர் தாண்டியாச்சு. வெள்ளை மேடும் தாண்டியாச்சு. இங்க சத்தம் ஜாஸ்தி, பயப்படாத. இன்னும் ஒரே ஒரு வண்டிதான்.' பேரைக் கேட்டதும் தலைக்கு மேல கம்பத்தைப் பார்த்தேன். அதே பேரு. அன்னைக்கு அப்புறம் வியாபாரம் பண்ணவே கை வரல."

வண்டியில் ஏறியதும் பிட்சோ விரல் விட்டு எண்ணினான். "வெள்ளை மேடு. சுரங்க மண்ணைக் கொட்டாத திசை இந்த ஊர்ல இல்ல. குதிர். சோளம் விளையற ஊர் எல்லாத்துலயும் இருக்கு. மரம், கோயில், தொட்டி. அக்கா, இதை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கிறதுக்கு நாம குழிக்குள்ளயே இறங்கிடலாம்."

"ஆலன்ரிட்ஜிலிருந்து தாபோங் வர்றதுக்கு எந்த ஆத்தைத் தாண்டணும்?"

"ஆறா? ஓடன்டால்ஸ்ரஸ்ல குழாய் உடைஞ்சு ரோடு பூரா ஓடுது. அதைச் சேர்த்தா ஒண்ணு." சிரித்துக்கொண்டே சொன்னவன் பாதியில் நின்றான். சாவி அவன் கையிலேயே இருந்தது. "அந்த வழியில ஆறே கிடையாதே."

"ஆறு எங்க இருக்கு?"

"தெற்கே. தெயுனிசன் ரோட்ல. சாண்ட் ஆறு."

"பசேகாவோட பண்ணை எந்த ரோட்ல?"

"அதே ரோட்லதான்" என்றான் பிட்சோ. வண்டியைக் கிளப்பினான்.

மாதெபெல்லோ சொன்னதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே போனார்கள். முதலில் வெள்ளை மேடு. காற்றில் அதன் முகட்டிலிருந்து தூசி எழுந்து, சாலைக்குக் குறுக்கே மெல்லிய திரையாகத் தொங்கியது. பக்கத்தில் சக்கரம் சுற்றாத சுரங்கக் கோபுரம். பிறகு ஒட்டிப் பிறந்தவை போல இரண்டு குதிர்கள். பிறகு பாலம். குளிர்காலத்து ஆறு அடியில் பழுப்பாக, நகர்கிறதா என்றே தெரியாமல் கிடந்தது. சாலையோரப் புல்லையெல்லாம் தீத்தடுப்புக்காக எரித்துவிட்டிருந்தார்கள். இரு புறமும் கறுப்பு. அதற்கப்பால் அறுத்துவிட்ட சோளத்தட்டை.

பாலத்தைத் தாண்டும்போது மொசெலேயின் உதடு தானாக அசைந்தது. தாண்டுகிறோம் என்று சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டாள். இந்த வழியில் அந்த ஆள் திரும்பி வந்தபோது மடியில் என்ன இருந்திருக்கும்? கிளை பாரமே இல்லாதது. ஆனால் கைகள் அதை நம்பாது. அப்பாவைக் கூட்டி வந்த அன்று அவள் தோள் இரண்டும் கழன்றுவிடுவது போல் வலித்தது.

"மணியில்லாத கோயில்" என்றான் பிட்சோ. சிறிய கல் தேவாலயம். மணிக்கூண்டில் வானம் தெரிந்தது. "பித்தளைக்காக மணியைக் கழட்டிட்டாங்க. நல்லவேளை, சாமியைப் பித்தளையில செய்யல."

கோயிலுக்கு அப்பால் பண்ணைப் பாதை. ஓரத்தில் தனியாக ஒரு யூகலிப்டஸ் மரம், வேர்கள் தரைக்கு மேல் முண்டும் முடிச்சுமாக. அதன் கீழே பிட்சோ வண்டியை நிதானமாக ஓட்டினான்.

பண்ணை வாசலில் ஜோனாஸ் என்ற வேலையாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"மேஸ்திரி இல்ல. தம்பி காரியத்துக்காக தாபோங் போயிருக்காரு. முதலாளி ப்ளூம்ஃபான்டைன்ல."

"தெரியும் ஐயா. அந்தத் தம்பி விஷயமாத்தான் வந்தோம்" என்றாள் மொசெலே. "இங்க தொட்டி எங்க இருக்கு?"

அவர் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டது. "மாடு குளிப்பாட்டுற மருந்துத் தொட்டியா? அது இப்ப இல்ல. மேஸ்திரியே டிராக்டரை ஓட்டி மண்ணைத் தள்ளி மூடிட்டாரு. கன்னுக்குட்டிங்க விழுந்துரும்னு."

"கன்னுக்குட்டிங்க எங்க?"

"செத்துப் போச்சுங்க."

"எப்படி?"

ஜோனாஸ் பழைய பால் கறக்கும் கொட்டகையின் பக்கம் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். "அங்க ராத்திரில ஆளுங்க வந்து கல்லு அரைப்பாங்க. தங்கக் கல்லு. பாதரசம் போட்டுக் கழுவின தண்ணியை வாய்க்கால்ல விட்டாங்க. மேஸ்திரிக்கு அதுல பங்கு. நான் எதுவும் பார்க்கலைம்மா. டாங்கிசோதான் பார்த்தான். முதலாளிகிட்ட சொல்லியே தீருவேன்னு நின்னான். அண்ணனும் தம்பியும் அந்தத் தொட்டிகிட்டதான் கத்திக்கிட்டாங்க. மறுநாள் கேட்டா, தம்பி ஆலன்ரிட்ஜ் போயிட்டான்னாரு."

"கன்னுக்குட்டி எல்லாம் செத்த பிறகு, கன்னுக்குட்டி விழுந்துரும்னு தொட்டியை மூடியிருக்காரு" என்றான் பிட்சோ மெதுவாக. "ரொம்ப முன்னெச்சரிக்கையான மனுஷன்."

ஜோனாஸ் கையை மட்டும் நீட்டி வழி காட்டினார்.

அது நீளமான, குறுகலான மண்பரப்பு. இரு பக்கமும் சிமெண்ட் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு ஆளைப் படுக்க வைப்பதற்கென்றே அளவெடுத்துக் கட்டியது போலிருந்தது. சுற்றிலும் காய்ந்த புல்; இதன்மேல் மட்டும் எதுவுமில்லை. விளிம்பில் பாதி எரிந்த வெள்ளை மெழுகுவர்த்தி. பக்கத்தில் முன்னோர்களுக்குப் படையலாகத் தூவிய மூக்குப்பொடி, பனியில் நனைந்து காய்ந்து கறையாகியிருந்தது. பத்தடி தள்ளி ஒரு இலந்தை மரம். கண்ணுக்கு நேர் உயரத்தில் ஒரு கிளை வெட்டுப்பட்ட இடம், ஆறாத புண் போல.

பிட்சோ தொப்பியைக் கழற்றினான். "போலீசைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. தோண்டுறதுக்கு ஆளோட வரச் சொல்லு."

அவன் பேசி முடிக்கும்வரை அவள் மண்ணைப் பார்த்தபடி நின்றாள். கொன்றவனுக்குத் தூக்கம் வந்திருக்காது. தம்பி கனவில் வந்து நின்றிருப்பான். பயந்துபோய் ஆள் தெரியாமல் போர்த்துக்கொண்டு வந்து, பசேகாவே அழைத்துப் போயிருக்கிறான். அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்துகிறது. பொருந்துகிறது என்ற நினைப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை.

காற்று அடித்தது. ஜோனாஸ் போர்வையைச் சரிசெய்தார். மொசெலேயின் கண் அவர் வலது தோளில் போய் நின்றது. பெரிய இரும்பு ஊசி, தோளில் குத்தியிருந்தது. ஆண்கள் போர்வையை அங்கேதான் குத்துவார்கள். அவள் அப்பா, மாமா, தெருவில் போகிற எந்த ஆணும்.

நெஞ்சுக்கு நேராகக் குத்துவது பெண்கள்.

குரல் கரகரவென்றிருந்தது. வழி முழுக்கக் கிசுகிசுத்தால் யாருடைய குரலும் கரகரக்கும். அவளுக்கே தெரிந்த விஷயம். தன் தொண்டையில் தெரிந்ததை மறந்துவிட்டு அடுத்தவள் சொன்ன தொப்பியை நம்பியிருக்கிறாள்.

"ஐயா, வழியில அந்தப் பெரிய மரம். அங்க டாங்கிசோ செருப்பைத் தொலைச்சானா?"

ஜோனாஸ் முதல்முறையாகச் சிரித்தார். "உங்களுக்கு யாரு சொன்னது? அஞ்சு வயசு இருக்கும். அப்ப அவங்க அம்மா இங்க பால் கறந்துக்கிட்டிருந்துச்சு. புதுச் செருப்பு. வேருக்குள்ள எங்கயோ போயிருச்சு. அந்தி சாயற வரைக்கும் தேடினாங்க, அம்மாவும் பிள்ளையும்."

"பசேகாவும் தேடினானா?"

"அவன் எங்க இருந்தான்? அவனை லெசோத்தோவுல மாமன் வீட்டுல மாடு மேய்க்க விட்டிருந்தாங்க. மீசை முளைச்சப்புறம்தான் இந்தப் பக்கமே வந்தான்."

மொசெலே வண்டியை நோக்கி நடந்தாள். பிட்சோ ஓடி வந்தான். "அக்கா, டிசேபோகிட்ட போறோமா?"

"போறோம். அதுக்கு முன்னாடி ஒரு வீடு."

தாபோங்கில் இறங்கும்போது அடுப்புப் புகை தெருவெங்கும் தாழ்ந்து படிந்திருந்தது. டாங்கிசோவின் அம்மா மாபசேகாவின் வீட்டில் சனிக்கிழமைக்கான வேலை தொடங்கிவிட்டது. முற்றத்தில் கவிழ்த்த பெரிய பானைகள், வாடகை நாற்காலிகள். பின்பக்கம் பசேகா விறகு பிளந்துகொண்டிருந்தான். அகலமான முதுகு. ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டை இரண்டாகத் தெறித்தது. அவர்களைப் பார்த்துத் தலையசைத்தான். கோடரி நிற்கவில்லை.

"நீங்க உள்ள போங்க" என்றான் பிட்சோ, உதட்டை அதிகம் அசைக்காமல். "நான் அவர்கிட்ட கால்பந்து பேசுறேன். கோடரி வெச்சிருக்கிறவர் எந்த அணியோ, அதே அணிதான் நானும்."

உள்ளே மாபசேகா புளித்த சோளக் கஞ்சியைச் சாராயத்துக்காக வடிகட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய கைகள். பால் கறந்த கைகள்.

"உக்காரும்மா. டிசேபோ அனுப்பினாளா?"

மொசெலே உட்கார்ந்தாள். என்னென்னவோ கேள்விகளை வழியில் தயாரித்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, "செருப்பு கடைசி வரைக்கும் கிடைக்கலையாம்மா?" என்றாள்.

மாபசேகாவின் கைகள் நின்றன. வடிகட்டியிலிருந்து கஞ்சி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்ல" என்றாள். "ஒத்தைச் செருப்போட தூக்கிட்டு வந்தேன்."

பின்பக்கம் கோடரி விழுந்தது. இன்னொரு முறை விழுந்தது.

"பசேகா சொன்னானா?"

"அவன் சொல்லல. நான் கேட்டேன். கையைக் கழுவிக்கிட்டே இருந்தான். நிறுத்தவே மாட்டேங்கிறான். எங்கடா அவன்னு கேட்டேன். தொட்டின்னான்." அவள் குரல் நடுங்கவில்லை. "சனிக்கிழமை எல்லாரும் குழிக்குப் போயி, வெறும் கிளையோட திரும்பி வருவாங்க. வரட்டும். ஆனா பிள்ளையை அந்த மருந்துக் குழியில விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது? அவங்கப்பா போர்வையைப் போட்டுக்கிட்டுப் போனேன். ஒரு இடம் விடாம சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். ஒரு இடம் விடல."

"தெரியும்மா. அதனாலதான் நான் இங்க இருக்கேன்."

மாபசேகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். எந்த இடத்தில் தவறினோம் என்று புரிந்துகொண்ட பார்வை. அதில் கோபமில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லாமல் விட்டிருந்தால் பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றிருப்பான். அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று மொசெலே தன்னையே கேட்டுக்கொண்டாள். எனக்கு இருந்திருக்குமா?

மாபசேகா ஒரு கிண்ணத்தில் புதுச் சாராயத்தை மொண்டு இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"டிசேபோ உன்னை நம்புறா. நீ சொன்னா கேட்டுக்குவா. குழியிலதான் செத்தான்னு சொல்லு. ஒரு வார்த்தை. அவ கறுப்புக் கட்டி, கழட்டி, வேற வாழ்க்கையைப் பார்த்துக்கட்டும். சின்ன வயசு." கிண்ணத்தை இன்னும் முன்னால் நீட்டினாள். "மூத்த பிள்ளை பேரைச் சொல்லித்தானே நம்மளைக் கூப்பிடுறாங்க. முப்பத்தஞ்சு வருஷமா நான் மாபசேகா, பசேகாவோட அம்மா. சொந்தப் பேர் எனக்கே மறந்து போச்சு. அவனையும் கொண்டு போயிட்டா தெருவுல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க? சொல்லு மகளே."

மொசெலே கிண்ணத்தை வாங்கவில்லை. பண்ணைக்குள் இந்நேரம் போலீஸ் வண்டி நுழைந்திருக்கும். சாம்பல் உடுப்பில் ஒருத்தி கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் பார்வை மெல்ல உயர்ந்தது. அலமாரிக்கு மேல், சுவரோரமாக, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்று படுத்திருந்தது. துணியின் நுனியில் இரண்டு முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு தட்டு, மூடி வைத்த சோறு, ஒரு குவளை தண்ணீர். வீடு வந்து சேர்ந்தவனுக்கு வைத்தது.

"முடியாதும்மா" என்றாள் மொசெலே, குழந்தை தூங்கும் அறையில் பேசுகிறவள் போல. "அவன் கேட்டுக்கிட்டிருக்கான்."

அப்போதுதான் கவனித்தாள். பின்பக்கம் கோடரிச் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது.